அக்கா கைக்கு வந்த 'கரண்ட்' பிரஷ்!

காலையில் எத்தனை நிமிடம் பல் துலக்குகிறீர்கள்? "ரெண்டு, மூணு நிமிஷம் இருக்கும் டாக்டர்" என்பீர்கள். நாளைக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே துலக்கிப் பாருங்கள். ஒரு நிமிடம் தாண்டினாலே பெரிய விஷயம்! எனக்கும் தாண்டவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு பிரஷ். சார்ஜ் ஏற்றி ஓட்டுகிற எலெக்ட்ரிக் டூத் பிரஷ்.

'என்ன இது, சித்த வைத்தியர் கரண்ட் பிரஷ்ஷைப் பற்றிப் பேசுகிறாரே' என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் உயர்த்தினேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்து, வேப்பங்குச்சியை மென்று, ஆற்றுத் தண்ணீரில் வாய் கொப்பளித்து வளர்ந்தவன். வீட்டில் உமிக்கரியும் உப்பும் ஒரு கொட்டாங்குச்சியில் எப்போதும் இருக்கும். பிறகு பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தேன். துவர்ப்புச் சுவை ஈறை இறுக்கும், கருவேலம்பட்டையும் கடுக்காயும் வாய்க்குக் காவல் என்று பாடம் கேட்டவன். ஆலங்குச்சி, வேலங்குச்சியின் பெருமையை என் பேஷண்ட்டுகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அப்படிப்பட்ட என்னை மாற்றியது என் அக்காவின் வாய்.

அக்காவின் வலது கன்னம்

2022-ம் வருஷம் ஆவணி மாசம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். உயிருக்கு ஆபத்து நீங்கியது. வீட்டுக்கு வந்து, பைய நடக்க ஆரம்பித்தாள். பேச்சும் குழறலோடு திரும்பியது. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அக்காவுக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. நாடி பார்த்தோம், ரத்த அழுத்தம் பார்த்தோம், எண்ணெய் தேய்த்தோம், பயிற்சி கொடுத்தோம். எல்லாம் பார்த்தோம். வாய்க்குள் மட்டும் யாரும் பார்க்கவில்லை!

மூன்று மாதம் கழித்து ஒருநாள் மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மாமா, அத்தை பக்கத்துல உக்காந்து பேச முடியல. வாய் ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது. பிரஷ்ஷைக் கொண்டுபோனா வாயைத் தொறக்க மாட்டேங்காக."

டார்ச் அடித்துப் பார்த்தேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. வலது கன்னத்துக்குள் முந்தின நாள் சாப்பிட்ட சோறு அப்படியே ஒதுங்கிக் கிடந்தது. பக்கவாதத்தில் அந்தப் பக்கம் உணர்ச்சி குறைந்துவிடும். சோறு ஒதுங்கினது தெரியாது, நாக்கு அதைத் தள்ளாது. ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம். பல்லின் அடியில் காரை.

இதில் நாத்தம் மட்டும் பிரச்னை இல்லை. சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவதும் கஷ்டமாகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது சிரமம். வாயில் இருக்கிற அழுக்கும் கிருமியும் எச்சிலோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலில் நிமோனியா வரலாம். ஆக, பல் துலக்குவது அக்காவுக்கு அழகுக்கான வேலை அல்ல. வைத்தியத்தில் ஒரு பாதி.

நான் செய்த தப்பு

'கைவசம் மருந்து இருக்கே' என்று திரிபலா கஷாயம் போட்டுக் கொடுத்தேன். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்தது. வாய் கொப்பளிக்கச் சொன்னேன். நல்ல மருந்துதான். ஆனால் அக்காவுக்கு ஒரு மடக்கு வாயில் வைத்ததுமே புரையேறி, கண் பிதுங்கி, மருமகள் பயந்து போனாள்.

விழுங்கவே கஷ்டப்படுகிறவருக்குக் கொப்பளிக்கக் கொடுத்தது என் தப்பு. மருந்து சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதை வாங்கிக்கொள்கிற உடம்பு எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். முப்பது வருஷம் வைத்தியம் பார்த்த பிறகும் சில பாடங்களை வீட்டில்தான் படிக்க வேண்டியிருக்கிறது!

முதல் வேலையாகப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். காரையை எடுத்துச் சுத்தம் செய்தார். அக்கா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிட்டோம். இதை நீங்களும் மறக்காதீர்கள். ஈறில் ரத்தம் வருகிறதே என்று அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

சுத்தம் செய்தாயிற்று. ஆனால் தினமும் துலக்குவது யார்? அக்கா இடது கையால் முயற்சி செய்தாள். பிரஷ் உதட்டில் இடிக்கும், ஈறில் குத்தும், பேஸ்ட் சேலையில் விழும். மருமகள் துலக்கிவிட வந்தால், "நான் என்ன பச்சப்புள்ளயா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எழுபதை நெருங்கும் வயதில், வாயைத் திறந்து மருமகளிடம் காட்ட வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம் அவளுக்கு. அது எனக்குப் புரிந்தது.

வாய்க்குள்ள வண்டு!

2023 பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த சின்ன மருமகன் ஒரு பெட்டியைப் பிரித்தான். உள்ளே தடித்த கைப்பிடியோடு ஒரு பிரஷ், சார்ஜ் ஏற்ற ஒரு சின்ன ஸ்டாண்ட்.

"ஏல, வாய்க்குள்ள வாஷிங் மெஷின் விடப் போறியோ?" என்று கேலி செய்தேன்.

"மாமா, ஒரு மாசம் பாருங்க. சரிப்படலன்னா நான் எடுத்துட்டுப் போயிடுதேன்" என்றான்.

முதல் நாள் கூத்தைக் கேளுங்கள். பேஸ்ட்டை வைத்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டான். நுரை பறந்து என் கண்ணாடியில், சுவரில், அக்கா மூக்கில்! இரண்டாம் முறை வாய்க்குள் வைத்த பிறகு போட்டான். அக்கா கண்ணை உருட்டி, வாயை மூடிக்கொண்டு, "ஏ தம்பி, வாய்க்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்குல!" என்றாள். எல்லோருக்கும் சிரிப்பு. அக்காவுக்கும்தான். வியாதி வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதல் வாரம் பல் கூச்சம், ஈறில் குறுகுறுப்பு, லேசாக ரத்தம். இரண்டாம் வாரம் குறைந்தது. இடது கைக்கு அந்தத் தடித்த கைப்பிடி நன்றாகப் பிடிபட்டது. தேய்க்கிற வேலையை பிரஷ் பார்த்துக்கொள்கிறது. பல்லுக்குப் பல் நகர்த்துவது மட்டும்தான் கையின் வேலை. ஒரு மாதம் கழித்து நான் போனபோது அக்கா வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"தம்பி, என் பல்ல நானே தேய்க்கேன்."

மருமகன் பிரஷ்ஷைத் திரும்ப எடுத்துப் போகவில்லை.

அக்கா மாதிரி ஆட்களுக்காகவே...

பிறகுதான் இதன் கதையைத் தேடிப் படித்தேன். 1954-ல் சுவிட்சர்லாந்தில் டாக்டர் பிலிப் கை வூக் என்பவர் உருவாக்கியதுதான் 'ப்ராக்ஸோடென்ட்' என்ற மின்சார பிரஷ். யாருக்காகத் தெரியுமா? கையைச் சரியாக அசைக்க முடியாத நோயாளிகளுக்காகவும், பல்லில் கம்பி கட்டியவர்களுக்காகவும்! நாம் பணக்காரர்களின் சொகுசுச் சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பிறந்ததே அக்கா மாதிரி ஆட்களுக்காகத்தான்.

அந்த முதல் பிரஷ்ஷைச் சுவரில் பிளக் சொருகித்தான் ஓட்ட வேண்டும். ஈரக் கையும் கரண்டும்... நினைத்தாலே பயம்தானே? 1961-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி, வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றி ஓட்டும் பிரஷ்ஷைக் கொண்டுவந்தது.

பல பிரஷ்களில் சார்ஜ் ஏறும் முறை வேடிக்கையானது. ஸ்டாண்டிலும் பிரஷ்ஷிலும் உலோக முனையே வெளியில் தெரியாது. ஸ்டாண்டுக்குள் ஒரு கம்பிச் சுருள், பிரஷ்ஷின் அடியில் ஒரு கம்பிச் சுருள். ஸ்டாண்டுச் சுருளில் ஓடும் கரண்ட் காந்தப் புலத்தை உண்டாக்கி, பிரஷ்ஷில் இருக்கிற சுருளில் கரண்டைத் தூண்டுகிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மரில் நடக்கிற அதே சங்கதிதான். இரண்டும் பிளாஸ்டிக்கால் மூடியிருப்பதால் ஈரம் உள்ளே போகாது. இப்போது செல்போன் மாதிரி வயர் சொருகி ஏற்றுகிற மாடல்களும் வந்துவிட்டன.

கடையில் முக்கியமாக இரண்டு வகை இருக்கும். ஒன்று, வட்டத் தலை. இடமும் வலமுமாகத் திருகித் திருகி ஓடும். இன்னொன்று, சாதாரண பிரஷ் மாதிரி நீளத் தலை. இது மிக வேகமாக அதிரும். சிலவற்றில் நிமிடத்துக்கு 30,000 அசைவுக்கு மேல்!

சரி, கைப் பிரஷ்ஷைவிட இது உசத்தியா? 2014-ல் காக்ரேன் என்ற உலக அமைப்பு, 56 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது இது: மூன்று மாதத்துக்கு மேல் உபயோகித்தவர்களுக்கு, கைப் பிரஷ்ஷைவிடப் பல்லில் படியும் அழுக்கு 21 சதவீதமும், ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைந்திருக்கிறது. நல்ல பலன்தான். ஆனால் மாயமந்திரம் இல்லை. கைப் பிரஷ்ஷால் ஒழுங்காக, பொறுமையாகத் துலக்குகிறவர் அதை விட்டுவிட்டு இதற்கு ஓட வேண்டிய அவசியமும் இல்லை.

என் ஈறு சொன்ன பாடம்

அக்காவைப் பார்த்து நானும் ஒன்று வாங்கினேன். முதல் நாளே அதன் கைப்பிடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. 'ரிப்பேரோ?' என்று மருமகனுக்குப் போன் போட்டேன். "மாமா, நீங்க ரொம்ப அழுத்துதீங்க. அதான் லைட் எரியுது" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியில் நிதானமாகப் பார்த்தேன். கோரைப் பல்லின் அடியில் ஈறு இறங்கி, பல்லின் வேர் மஞ்சளாகத் தெரிந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். வயசாச்சு என்று நினைத்திருந்தேன். வயது மட்டும் காரணமில்லை. இத்தனை வருஷமாக உப்பும் உமிக்கரியும் போட்டு, பாத்திரம் விளக்குகிற மாதிரி அழுத்தித் தேய்த்தேனே, அதற்கும் பங்கு உண்டு! தேய்ந்த எனாமலும் இறங்கிய ஈறும் தானாகத் திரும்பி வராது.

பாரம்பரியத்தின் மேல் பழி போடவில்லை. பச்சைக் குச்சியை மென்று நாராக்கி, மெதுவாகத் தேய்ப்பது வேறு. கரியையும் செங்கல் பொடியையும் வைத்து அழுத்துவது வேறு. நாம் குச்சியை விட்டுவிட்டோம். அழுத்துவதை மட்டும் விடவில்லை!

ஆகவே ஒரு எச்சரிக்கை. எலெக்ட்ரிக் பிரஷ்ஷில் கரகரப்பான எந்தப் பல்பொடியையும் தொட்டுத் துலக்காதீர்கள். அந்த வேகத்தில் எனாமல் இன்னும் சீக்கிரம் தேயும். ஃப்ளோரைடு உள்ள சாதாரண பேஸ்ட், பட்டாணி அளவு போதும்.

எப்படித் துலக்குவது?

* தலையை நனைத்து, பேஸ்ட் வைத்து, பிரஷ்ஷை வாய்க்குள் கொண்டுபோன பிறகுதான் சுவிட்சைப் போடுங்கள். அணைத்த பிறகுதான் வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி துடைக்கிற வேலை!

* முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு பல்லாகத் தொட்டு, ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் இரண்டு மூன்று வினாடி நிறுத்தி நகர்த்துங்கள். பேனா பிடிக்கிற அழுத்தம் போதும்.

* மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது. பகுதிக்கு 30 வினாடி, மொத்தம் 2 நிமிடம். பல பிரஷ்களில் 30 வினாடிக்கு ஒருமுறை சின்னதாக ஒரு தடுமாற்றம் வரும். 'அடுத்த பக்கம் போ' என்று அர்த்தம்.

* பல் இடுக்கில் இதுவும் முழுசாக நுழையாது. நூலோ இடுக்கு பிரஷ்ஷோ தேவைதான். நாக்கு வழிப்பதையும் விட வேண்டாம்.

* விழுங்கச் சிரமப்படுகிறவர்களை நிமிர்ந்து உட்கார வைத்து, தலையை லேசாக முன்னால் குனிய வைத்துத் துலக்கச் சொல்லுங்கள். பேஸ்ட் மிகக் குறைவாக. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். முடிந்ததும் ஈரத் துணியால் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்துவிடுங்கள்.

அன்றாடத் தொல்லைகள்

குறைகளையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் பேஸ்ட்டும் தண்ணீரும் இறங்கி, கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு பாசி பிடிக்கும். முதல் தடவை கழற்றிப் பார்த்தபோது எனக்கே குமட்டியது. தினமும் தலையைக் கழற்றி அலசி, இரண்டையும் தனித்தனியாகக் காய வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலையை மாற்ற வேண்டும். தூவிகள் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே.

இந்தத் தலைகளின் விலைதான் பெரிய செலவு. பிரஷ் வாங்கும்போதே அதன் தலை உங்கள் ஊரில் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் ஊர்க் கடையில் கிடைக்காமல் திருநெல்வேலிக்குச் சொல்லிவிட வேண்டியிருந்தது.

வீட்டில் நாலு பேருக்கு ஒரே கைப்பிடி போதும். ஆளுக்கொரு தலை கட்டாயம் வேண்டும். பெரும்பாலும் அடையாளத்துக்குக் கலர் வளையம் கொடுத்திருப்பார்கள். 'நம்ம வீட்டு ஆள்தானே' என்று ஒரே தலையை மாற்றி மாற்றி உபயோகிக்காதீர்கள்.

சில வருஷத்தில் பேட்டரி தளர்ந்து, பத்து நாள் நின்ற சார்ஜ் இரண்டு நாளில் தீரும். பெரும்பாலான பிரஷ்களில் பேட்டரியை நாமே மாற்ற முடியாது. பழையதைக் குப்பைத் தொட்டியிலோ நெருப்பிலோ போடாதீர்கள். மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பல் பிடுங்கியவர்கள், வாயில் ஆபரேஷன் செய்தவர்கள் பல் டாக்டர் சொன்ன பிறகுதான் தொட வேண்டும்.

வெள்ளம் வந்தபோது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி கரை மீறி ஊர்களுக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ்ஸில் நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டதைப் படித்திருப்பீர்கள்.

அக்கா வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அவளைத் தூக்கி மாடியில் உட்கார வைத்தார்கள். மாத்திரைப் பையை எடுத்த மருமகள், கூடவே பிரஷ்ஷையும் எடுத்துப் போட்டிருந்தாள். சார்ஜ் ஸ்டாண்ட் கீழேயே சகதியில் மூழ்கியது. கரண்டும் இல்லை, தண்ணீருக்கும் பஞ்சம். குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரில்தான் எல்லாம்.

ஐந்தாம் நாள் பிரஷ் முனகி நின்றுவிட்டது. வழி சரியானதும் நான் போய்ச் சேர்ந்தேன். 'பழையபடி வாயை மூடிக்கொண்டிருப்பாளோ' என்ற கவலைதான் எனக்கு. மாடிப்படி ஏறினால், அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஓடாத பிரஷ்ஷை இடது கையில் பிடித்து, பல்லுக்குப் பல் நகர்த்தி நகர்த்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கரண்டு பிரஷ் ஓடலியேக்கா?" என்றேன்.

"ஓடாட்டா என்னல... பிரஷ்தானே!" என்றாள்.

பதினோரு மாதத்தில் அந்த இடது கை வேலையைக் கற்றுக்கொண்டிருந்தது!

கரண்ட் வந்த பிறகு, நனைந்த ஸ்டாண்டைக் காய வைத்துப் பிளக்கில் சொருகலாமா என்று கேட்டார்கள். கூடவே கூடாது என்று தூக்கி எறியச் சொல்லிவிட்டு, புதிதாக வாங்கினோம். நீங்களும் வெள்ளத்தில் மூழ்கிய சார்ஜரை நம்பாதீர்கள். சாதாரண நாளிலும் ஸ்டாண்டைத் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வையுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

யாருக்கு வேண்டும்?

பக்கவாதம் வந்தவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், விரல் மூட்டு வாதத்தால் பிரஷ் பிடிக்க முடியாதவர்கள், பல்லில் கம்பி கட்டிய பிள்ளைகள், அழுத்தித் தேய்த்தே பழகிய என்னைப் போன்றவர்கள்... இவர்களுக்கு வசதி இருந்தால் வாங்கலாம். விலை சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை இருக்கிறது. 2 நிமிடக் கணக்கும், அழுத்தினால் எச்சரிக்கிற வசதியும் இருந்தால் போதும். செல்போனோடு பேசுகிற பிரஷ் எல்லாம் தேவையில்லை. வசதி இல்லையா? மெத்தென்ற தூவி உள்ள கைப் பிரஷ்ஷின் கைப்பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். அதுவே பாதிக் கஷ்டத்தைக் குறைக்கும்.

கடுக்காயையும் வேலம்பட்டையையும் நான் கைவிடவில்லை. நன்றாக விழுங்க முடிகிறவர்களுக்கு இன்றைக்கும் கொப்பளிக்கக் கொடுக்கிறேன். ஆனால் துலக்கிய பிறகு கொப்பளிக்கத்தான். துலக்குவதற்குப் பதிலாக அல்ல.

அக்காவின் ஈறில் இப்போது ரத்தம் வருவதில்லை. சர்க்கரையும் முன்னைக்குத் தேவலை. அது பிரஷ்ஷால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். மாத்திரை உண்டு, சாப்பாட்டுக் கட்டுப்பாடு உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டர் உண்டு.

எனக்கு இன்னமும் உறுத்துவது அந்த மூன்று மாதம்தான். வீட்டிலேயே ஒரு வைத்தியன் இருந்தும் அவள் வாய்க்குள் பார்க்கவில்லையே! உங்கள் வீட்டிலும் படுக்கையில் கிடக்கிற பெரியவர் இருந்தால், "பல்லு தேய்ச்சாச்சா?" என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். இன்றைக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, டார்ச் அடித்து, அந்த வாய்க்குள் ஒருமுறை பாருங்கள். எந்த பிரஷ் வாங்குவது என்று அப்புறம் யோசிக்கலாம்.